பரணில் இருக்கும் பெட்டியை யாரிடம் ஒப்படைப்பது?

அமெரிக்காவில் ஐம்பது வயதைத் தாண்டிய ஆண்கள் பலருடைய வீட்டுப் பரணிலோ கராஜிலோ நீளநீளமான வெள்ளை அட்டைப் பெட்டிகள் அடுக்கியிருக்கும். திறந்து பார்த்தால் பேஸ்பால் வீரர்களின் கார்டுகள், ஆயிரக்கணக்கில். முன்பக்கம் வீரரின் படம். பின்பக்கம் அவர் எந்த வருடம் எந்த அணிக்கு ஆடினார், எத்தனை ஹோம் ரன் அடித்தார் என்ற கணக்கு. சிகரெட் பாக்கெட்டிலும் மிட்டாயோடும் வரத் தொடங்கி, பிறகு பபிள்கம்மோடு வந்தவை இவை. பத்து வயதில் கைக்காசில் வாங்கி, பள்ளியில் நண்பர்களோடு மாற்றிக்கொண்டு, வேலைக்குப் போன பிறகும் விடாமல் சேர்த்தவர்கள் அங்கே ஏராளம். நியூஜெர்சியிலும் டெக்சாஸிலும் வளர்ந்த நம் பிள்ளைகள் சிலருடைய அலமாரிக்கும் இந்தப் பெட்டிகள் இப்போது வந்திருக்கின்றன.

சேர்த்தவருக்கு ஒருநாள் வயதாகிறது. பெரிய வீட்டை விற்றுவிட்டுச் சின்ன வீட்டுக்குப் போகிறார். அல்லது அவர் காலமாகிவிட, மனைவியும் பிள்ளைகளும் பெட்டிகளுக்கு முன்னால் திகைத்து நிற்கிறார்கள். உள்ளே இருப்பது வீட்டுக் கடனை அடைக்குமா, பழைய பேப்பர்காரருக்குப் போக வேண்டியதா என்று அவர்களுக்குத் தெரியாது. தெரிந்த ஒரே மனிதரிடம் இனிக் கேட்கவும் முடியாது. இதில் நான் சொல்ல விரும்புவது முக்கியமாக ஒன்றுதான். எங்கே விற்பது, யாருக்குக் கொடுப்பது என்பதற்கெல்லாம் முன்னால், சேர்த்தவரே உட்கார்ந்து ஒரு பட்டியல் எழுதிவைக்க வேண்டும். ஏன் என்று நிதானமாகச் சொல்கிறேன், டீயை ஊற்றிக்கொள்ளுங்கள்.

செய்தித்தாளில் வரும் கதைகளிலிருந்து தொடங்கலாம். வாரிசுகளைக் குழப்புபவை அவைதான். 2022 ஆகஸ்டில் நியூயார்க் யாங்கீஸ் வீரர் மிக்கி மேன்டிலின் 1952ஆம் ஆண்டு டாப்ஸ் கார்டு ஒன்று, ஹெரிடேஜ் ஏல நிறுவனத்தில் 1 கோடியே 26 லட்சம் டாலருக்குப் போனது. விற்றவர் அதை 1991இல் 50,000 டாலருக்கு வாங்கி வைத்திருந்தார். ஒரு துண்டு அட்டைக்கு ஏன் இவ்வளவு? அந்த ஆண்டு டாப்ஸ் நிறுவனம் 407 கார்டுகளைத் தொகுதி தொகுதியாக வெளியிட்டது. மேன்டிலின் எண் 311. கடைசித் தொகுதியின் முதல் கார்டு. அது கடைக்கு வந்தபோது பேஸ்பால் பருவம் முடியும் நேரம், பையன்களின் கவனம் அமெரிக்கக் கால்பந்துக்குப் போய்விட்டது. கடைக்காரர்கள் வாங்கத் தயங்கினார்கள். மிஞ்சிய சரக்கு கிடங்கில் வருடக்கணக்கில் இடத்தை அடைத்துக்கொண்டு கிடந்தது. அந்தக் கார்டை வடிவமைத்த சை பெர்கரே அதைத் திருவிழாக் கடைகளுக்கு அடிமாட்டு விலைக்குத் தள்ளப் பார்த்தார். அதுவும் நடக்காமல் 1960இல் படகில் ஏற்றி அட்லாண்டிக் கடலில் கொட்டிவிட்டார்.

வீடுகளுக்குப் போன கார்டுகளின் கதியும் பெரிதாக வேறில்லை. சைக்கிள் சக்கரத்தில் படபடவென்று சத்தம் வருவதற்காகச் செருகினார்கள், ரப்பர் பேண்ட் போட்டு இறுக்கிக் கட்டினார்கள். பையன் கல்லூரிக்குப் போனதும் அம்மா அறையைச் சுத்தம் செய்து குப்பையில் போட்டார். தப்பியது கொஞ்சம். மூலை மழுங்காமல் தப்பியது அதிலும் கொஞ்சம். பி.எஸ்.ஏ. என்ற தரம் பார்க்கும் நிறுவனம் அந்த மேன்டில் கார்டுகளில் மூன்றே மூன்றுக்குத்தான் பத்துக்குப் பத்து கொடுத்திருக்கிறது.

இந்த மாதிரிக் கதைகள் எண்பதுகளில் நாடு முழுக்கப் பரவின. அம்மா தூக்கிப் போட்டது ஆயிரக்கணக்கில் பெறும் என்று தெரிந்ததும், அதே தப்பைத் தான் செய்யக்கூடாது என்று ஒரு தலைமுறையே உறுதியெடுத்தது. ஜேம்ஸ் பெக்கெட் என்ற புள்ளியியல் பேராசிரியர் 1979இல் விலைப் புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்தார். 1984 முதல் அது மாத இதழாகவும் வந்தது. பையன்கள் அதைப் புரட்டி, தங்கள் கார்டு இந்த மாதம் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்த்தார்கள். அப்பாக்கள் பெட்டி பெட்டியாக வாங்கி, உறையைக்கூடப் பிரிக்காமல், மகனின் கல்லூரிச் செலவுக்கு ஆகும் என்று பூட்டிவைத்தார்கள். நிறுவனங்கள் சும்மா இருக்குமா? டாப்ஸ், ஃபிளீர், டான்ரஸ் மூன்றும் அச்சடித்துத் தள்ளின. 1988இல் ஸ்கோரும் 1989இல் அப்பர் டெக்கும் சேர்ந்துகொண்டன. எல்லாரும் பத்திரப்படுத்தியதால் எதுவும் அபூர்வமாகவில்லை. 1994இல் வீரர்களின் வேலைநிறுத்தத்தால் வேர்ல்டு சீரிஸ் போட்டியே ரத்தானது, சந்தையும் படுத்துவிட்டது. ஏறத்தாழ 1987 முதல் 1993 வரையிலான காலத்தை 'ஜங்க் வேக்ஸ்' காலம் என்பார்கள். பாக்கெட்டுகள் அப்போது மெழுகுத்தாளில் வந்தன.

இன்று விற்பனைக்கு வரும் பரண் பெட்டிகளில் பெரும்பாலானவை இந்தக் காலத்தவை. முழு செட்டாக, பிரிக்காமல், முப்பத்தைந்து வருடம் காத்துவைத்ததை அன்று கொடுத்த விலைக்குக்கூட வாங்க ஆள் இல்லாமல் போகிறது. இதைக் கேட்டவர்கள் கடைக்காரர் ஏமாற்றுகிறார் என்று நினைப்பதுண்டு. பல நேரம் அவர் சொல்வது உண்மைதான். விதிவிலக்குகளும் உண்டு. 1989 அப்பர் டெக் செட்டின் முதல் கார்டான கென் கிரிஃபி ஜூனியரை இன்றும் தேடி வாங்குகிறார்கள். ஆனால் அதிலும் முழு மதிப்பெண் பெற்றதற்கும் ஒரு மூலை லேசாக மழுங்கியதற்கும் விலையில் பல மடங்கு வித்தியாசம்.

எனவே, கார்டின் நிலை பற்றிக் கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டும். பார்ப்பது நான்கு விஷயங்களை: மூலைகள், விளிம்புகள், மேற்பரப்பு, படம் நடுவில் அச்சாகியிருக்கிறதா என்பது. 1991இல் தொடங்கிய பி.எஸ்.ஏ.வும், எஸ்.ஜி.சி., பெக்கெட் போன்றவையும் இவற்றைப் பார்த்து ஒன்று முதல் பத்து வரை மதிப்பெண் போட்டு, கார்டைக் கெட்டியான பிளாஸ்டிக் உறையில் சீல் வைத்துத் தரும். இது இலவசமில்லை. மலிவான வழியிலேயே கார்டுக்கு இருபது டாலர் அளவில் ஆகும், கார்டின் மதிப்பு கூடக்கூடக் கட்டணமும் கூடும். பத்து டாலர் பெறும் கார்டை அனுப்பினால் நஷ்டம்தான். முழு மதிப்பெண் வந்தால் எவ்வளவு என்று மட்டும் கணக்குப் போடாதீர்கள். எட்டு வந்தால் எவ்வளவு என்று பாருங்கள். அப்போதும் கட்டணம் போக மிஞ்சுமானால் அனுப்புங்கள்.

இன்னொன்றைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். வீட்டில் இருக்கும் பழைய கார்டைத் துடைக்காதீர்கள், மடிப்பை நீக்குகிறேன் என்று அழுத்தாதீர்கள், ஓரத்தைக் கத்தரிக்கவே கத்தரிக்காதீர்கள். கார்டு உலகத்தின் மிகப் பெரிய வழக்குகளில் ஒன்று இப்படி ஒரு வெட்டில்தான் வந்து நின்றது. 1909 முதல் 1911 வரை அமெரிக்கன் டொபாக்கோ நிறுவனம் சிகரெட்டோடு கொடுத்த டி206 வரிசையில் ஹோனஸ் வாக்னரின் கார்டு மிக அபூர்வம். அதில் ஒன்றை 1991இல் ஐஸ் ஹாக்கி வீரர் வெய்ன் கிரெட்ஸ்கியும் அவர் அணியின் உரிமையாளர் புரூஸ் மெக்னாலும் 4,51,000 டாலருக்கு வாங்கினார்கள். பி.எஸ்.ஏ. அதற்கு எட்டு மதிப்பெண் போட்டது. ஓரங்கள் அவ்வளவு கூர்மையாக எப்படி இருக்கின்றன என்ற சந்தேகம் வருடக்கணக்கில் புகைந்தது. அதை எண்பதுகளில் வாங்கி விற்ற பில் மாஸ்ட்ரோ என்ற ஏலக்காரர், தன் ஏலங்களில் போலியாக விலை கேட்க வைத்த குற்றத்தை 2013இல் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். அந்த வாக்னர் கார்டின் ஓரங்களை வெட்டியது தான்தான் என்பதும் அப்போது வெளிவந்தது. அவருக்கு 20 மாதச் சிறை. அந்தக் கார்டுக்குத் தனிப் புகழ் இருந்ததால் மதிப்பு நின்றது. நம் பெட்டியில் இருக்கும் கார்டுக்கு அந்தப் புகழ் கிடையாது, வெட்டியது தெரிந்தால் யாரும் வாங்க மாட்டார்கள்.

சரி, பெட்டி முன்னால் உட்கார்ந்தாயிற்று. முதலில் காலவாரியாகப் பிரியுங்கள். எழுபதுகளின் நடுப்பகுதிக்கு முந்தியவை எல்லாம் ஒரு பக்கம், பெயர் தெரியாத வீரராக இருந்தாலும் சரி. அதற்குப் பிறகு தொண்ணூறுகள் வரை வந்தவற்றில் பெரிய வீரர்களின் முதல் வருடக் கார்டுகளை, அதாவது ரூக்கி கார்டுகளை, மட்டும் எடுத்துத் தனியே வைத்தால் போதும். அதற்குப் பிந்தியவற்றில் வீரரின் கையெழுத்து உள்ளவை, சட்டைத் துணித் துண்டு பதித்தவை, 12/25 என்பது போல மொத்தம் எத்தனையில் இது எத்தனையாவது என்று அச்சிட்டவை ஆகியவற்றைப் பாருங்கள். பல்லாயிரம் கார்டு உள்ள பெட்டிகளிலிருந்து இப்படி எடுத்தால் இருநூறு, முந்நூறு தேறலாம். பணமெல்லாம் பெரும்பாலும் அந்தச் சின்னக் குவியலில்தான் இருக்கும். அவற்றை மெல்லிய பிளாஸ்டிக் உறையில் போட்டு, பிறகு டாப்லோடர் என்ற கெட்டி உறையில் வையுங்கள். ரப்பர் பேண்ட் வேண்டவே வேண்டாம்.

விலை பார்க்கும்போது ஈபே தளத்தில் விற்பவர்கள் கேட்கிற விலையைப் பார்த்து மயங்காதீர்கள். யாரும் எவ்வளவு வேண்டுமானாலும் கேட்கலாம். விற்று முடிந்தவற்றை மட்டும் காட்டச் சொல்லி ஒரு வசதி இருக்கிறது. அதில் உங்கள் கார்டின் அதே ஆண்டு, அதே எண், அதே நிலையில் உள்ளது கடைசியாக என்ன விலைக்குப் போனது என்று பாருங்கள். அதுதான் சந்தை விலை.

எங்கே விற்பது என்பது அவசரத்தைப் பொறுத்தது. ஊரில் உள்ள கார்டு கடைக்கு எடுத்துப்போனால் அன்றைக்கே பணம் கிடைக்கும். ஆனால் சந்தை விலையில் பாதியோ, நல்ல சரக்கானால் அதற்குக் கொஞ்சம் மேலோதான் கடைக்காரர் தருவார். இதில் கோபப்பட ஒன்றுமில்லை. வாடகையும் விற்காமல் தேங்கும் சரக்கும் அவர் தலையில்தான். ஈபேயில் நாமே விற்றால் 13 சதவீதம் அளவுக்குக் கழிவு போகும். படம் எடுப்பது, கட்டி அனுப்புவது, வாங்கியவரின் புகாருக்குப் பதில் சொல்வது எல்லாம் நம் வேலை. ஐம்பது கார்டுக்கு அது சரி, ஐயாயிரத்துக்கு ஆகாது. பல ஆயிரம் டாலர் பெறும் கார்டு என்றால் ஹெரிடேஜ், கோல்டின் போன்ற ஏல நிறுவனங்கள். அங்கே வாங்குபவரிடம் ஏல விலைக்கு மேல் இருபது சதவீதம் அளவில் வசூலிப்பார்கள். விற்பவர் தரவேண்டிய கமிஷனைப் பேசிக் குறைக்கலாம், நல்ல கார்டுக்கு வேண்டாம் என்றே விட்டுவிடுவதும் உண்டு. கேட்டுப் பார்க்கத் தயங்காதீர்கள். எந்த வழியானாலும், கை மாறுவதற்கு முன் ஒவ்வொரு நல்ல கார்டையும் இரண்டு பக்கமும் படம் எடுத்து, எண்ணிக்கை போட்டுக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

வீட்டுக்கு வரும் வியாபாரி பெட்டிகளைக் கிளறி, பத்து கார்டை எடுத்து, இதற்கு மட்டும் இவ்வளவு தருகிறேன் என்பார். கொடுத்துவிட்டால் மிச்சத்தை அதன்பிறகு யாரும் சீந்த மாட்டார்கள். மொத்தமாகக் கொடுக்கப் போகிறோமா, நல்லதைத் தனியே விற்றுவிட்டு மிச்சத்தை வேறு வழியில் தீர்க்கப் போகிறோமா என்று அவர் படியேறும் முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள்.

வரி பற்றிப் பலரும் கடைசியில்தான் யோசிக்கிறார்கள், முதலில் யோசிக்க வேண்டியது அது. அமெரிக்கச் சட்டத்தில் கார்டுகள் சேகரிப்புப் பொருள் வகையைச் சேர்ந்தவை. ஒரு வருடத்துக்கு மேல் வைத்திருந்து விற்ற லாபத்துக்கு அதிகபட்சம் 28 சதவீதம் வரை மத்திய வரி உண்டு. பங்குப் பத்திரத்துக்கு உள்ளதைவிட அதிகம். 100 டாலருக்கு வாங்கிய கார்டு இன்று 10,000 பெறுகிறது என்று வையுங்கள். சேர்த்தவர் தானே விற்றால் 9,900 லாபம். மகளுக்கு இப்போதே அன்பளிப்பாகக் கொடுத்தால் அந்த 100 டாலர் அடக்க விலையும் சேர்ந்தே அவளுக்குப் போகிறது. அவள் நாளை விற்றாலும் அதே 9,900 லாபம்தான். அவர் இறந்த பிறகு வாரிசாக அவளுக்கு வந்தால், இறந்த நாளில் இருந்த சந்தை விலையே அடக்க விலை ஆகிவிடுகிறது. உடனே விற்றால் வரி ஏறக்குறைய இல்லை. அதற்காக எதையும் விற்காதீர்கள் என்று சொல்ல வரவில்லை. அடக்க விலை எவ்வளவு என்று எழுதிவைக்காவிட்டால் இந்தக் கணக்கை யாராலும் போட முடியாது. வியாபாரமாகவே வாங்கி விற்றவருக்கு விதிகள் வேறு. பெரிய தொகை என்றால் ஒரு கணக்காளரைக் கண்டிப்பாகப் பாருங்கள்.

வாரிசுகள் நிதானமாக நடந்துகொண்டால் எப்படி முடியும் என்பதற்கு ஒஹையோ மாநிலத்தின் டிஃபையன்ஸ் என்ற ஊரில் ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. 2012இல் ஒரு குடும்பத்தினர் தாத்தாவின் பழைய வீட்டைக் காலி செய்தார்கள். தாத்தா இறைச்சிக்கடை வைத்திருந்தவர். பரணில் புழுதி படிந்த அட்டைப் பெட்டி ஒன்றில், நூலால் கட்டிய கட்டுகளாக, 1910 வாக்கில் மிட்டாயோடு வந்த இ98 வரிசைக் கார்டுகள் 700 அளவில் கிடைத்தன. நூறு வருடமாக யாரும் தொடாததால் புதிது போல இருந்தன. முதலில் அவர்களுக்கும் மதிப்பு தெரியவில்லை. பிறகு சிலவற்றை நிபுணர்களிடம் அனுப்பிக் கேட்டார்கள். பங்குதாரர்கள் இருபது பேர், எல்லாரும் தாத்தாவின் பேரப்பிள்ளைகள். தமக்குள் சமமாகப் பிரித்துக்கொண்டார்கள். 700ஐயும் ஒரே நேரத்தில் கொட்டினால் விலை விழும் என்பதால் கொஞ்சம் கொஞ்சமாக விற்கத் தீர்மானித்தார்கள். முதலில் ஏலத்துக்குப் போன 37 கார்டுகளுக்கே 5,66,000 டாலருக்கு மேல் வந்தது. இருபது பேர் சண்டை போடாமல் சமமாகப் பிரித்துக்கொண்டதுதான் இதில் எனக்குப் பெரிதாகப் படுகிறது. தாத்தா ஒரு வரிகூட எழுதிவைக்கவில்லை. பெட்டி குப்பைக்குப் போகாமல் தப்பியது அவர்களின் அதிர்ஷ்டம்.

இ98, டி206 என்றெல்லாம் சொல்கிறோமே, இந்த எண்களைக் கொடுத்தவர் ஜெஃபர்சன் பர்டிக். நியூயார்க் மாநிலத்தின் சிரக்கியூஸ் நகரில் மின்சாதனத் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்தவர், வசதியானவர் இல்லை. கடுமையான மூட்டுவாதம் அவரை முடக்கியிருந்தது. அவர் 1939இல் வெளியிட்ட அட்டவணைதான் சிதறிக் கிடந்த அமெரிக்கக் கார்டுகளுக்கெல்லாம் ஒரு வரிசை கொடுத்தது. அவர் சேர்த்தவை 3 லட்சத்துக்கு மேல். அதில் பேஸ்பால் கார்டுகள் மட்டும் 30,000க்கு மேல். எதையும் விற்காமல், 1947 முதல் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்துக்குக் கொடுக்கத் தொடங்கினார். கொடுத்ததோடு நிற்கவில்லை. மடங்காத விரல்களோடு வருடக்கணக்கில் அங்கே உட்கார்ந்து, ஒவ்வொன்றையும் ஆல்பத்தில் ஒட்டி வகைப்படுத்தினார். 1963 ஜனவரியில் வேலையை முடித்தார், மார்ச்சில் காலமானார். அந்த ஆல்பங்களைப் பார்க்கும் எவரும் புரிந்துகொள்ளலாம். கார்டுகளோடு தன் தலைக்குள் இருந்த அறிவையும் அவர் ஒப்படைத்துவிட்டுப் போனார். ஒரு சேகரிப்பைக் கைமாற்றுவதில் இதைவிடச் சிறந்த முன்மாதிரி எனக்குத் தெரியாது.

எல்லாருக்கும் அருங்காட்சியகம் கதவு திறக்காது. கூப்பர்ஸ்டவுனில் உள்ள பேஸ்பால் அருங்காட்சியகத்துக்குச் சாதாரணக் கார்டுகள் பெரும்பாலும் தேவைப்படாது. தர்ம நிறுவனத்துக்குக் கொடுத்து வரிக்கழிவு கேட்பதானால், மதிப்பு 5,000 டாலரைத் தாண்டும்போது தகுதியுள்ள மதிப்பீட்டாளரின் சான்று வேண்டும். அந்த நிறுவனம் தன் பணிக்கே அதைப் பயன்படுத்தாமல் விற்றுவிட்டால், கழிவு பொதுவாக நாம் வாங்கிய விலைக்குள் அடங்கிவிடும். ஆனால் காசு பெறாத அந்த ஆயிரக்கணக்கான கார்டுகளுக்கு எளிய வழி ஒன்று உண்டு: பிள்ளைகள். பக்கத்துப் பள்ளி, நூலகம், சிறுவர் பேஸ்பால் அணி என்று கேட்டுப் பாருங்கள். எட்டு வயதுப் பையனுக்கு நூறு கார்டு கொடுத்தால் அவன் விலை கேட்க மாட்டான். பின்பக்கத்துக் கணக்கை வாசிக்கத் தொடங்கிவிடுவான். அவை அச்சானதும் அதற்காகத்தான்.

சொந்தப் பிள்ளைகளுக்கு வேண்டுமா என்பதையும் வாயைத் திறந்து கேட்டுவிடுங்கள். வேண்டாம் என்றால் வருத்தப்படாதீர்கள். சிலருக்கு முழுப் பெட்டி வேண்டாம். அப்பாவோடு சேர்ந்து முதன்முதலாகப் பார்த்த ஆட்டத்தில் ஆடிய வீரரின் ஒரு கார்டு போதும். எது என்று கேட்டுப் பெயரெழுதித் தனியே வைத்துவிடுங்கள்.

இனி அந்தப் பட்டியல். ஆண்டு, நிறுவனம், எண், வீரர் பெயர், என்ன விலைக்கு எப்போது வாங்கியது, எந்தப் பெட்டியில் இருக்கிறது, இவ்வளவு போதும். தரம் பார்க்கும் நிறுவனங்களின் காப்பகத்தில் கார்டை விட்டுவைக்கும் பழக்கம் இப்போது பரவியிருக்கிறது. அப்படி ஏதாவது வெளியே இருந்தால் அதையும், கணக்கின் விவரத்தையும் எழுதுங்கள். நம்பகமான வியாபாரி ஒருவரின் பெயர், விற்கவே வேண்டாத கார்டுகள், யாருக்கு எது என்பது ஆகியவற்றையும் சேர்த்து, உயில் இருக்கும் இடத்தில் வையுங்கள். எல்லாக் கார்டையும் எழுதத் தேவையில்லை, அந்தச் சின்னக் குவியல் போதும். வரும் சனிக்கிழமை ஒரு பெட்டியை மட்டும் கீழே இறக்கி, முதல் பத்து கார்டுகளை எழுதுங்கள். உங்கள் வீட்டில் சேர்ப்பவர் அப்பாவோ மாமனாரோ என்றால், அவர் பக்கத்தில் ஒரு நோட்டோடு போய் உட்காருங்கள். அவர் சொல்லட்டும், நீங்கள் எழுதுங்கள்.